செங்கல் சுவரும் சண்முகவடிவும்

தூத்துக்குடியில் ஃபிலிம் கேமரா பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு குரு உண்டு. காவி கிடையாது, ஆசிரமம் கிடையாது. பெயர் ஜெசிந்தா. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. வீட்டுக் குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணியை அடித்து, அதை இருட்டறையாக்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையானால் அவர் வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்துவிடும்.

சீடர்களில் மூத்தவர் கோமதிநாயகம் அண்ணாச்சி. உப்புக் கம்பெனி ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட கால் நூற்றாண்டு பெரியவர். ஆனாலும் அவருக்கு ஜெசிந்தா டீச்சர்தான், டீச்சருக்கு அவர் அண்ணாச்சிதான். இதில் இரண்டு பேருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

அண்ணாச்சி பழைய கேமரா சேர்க்கிறவர். சும்மா ஒன்றிரண்டு வைத்திருக்கிற ஆள் இல்லை. மனைவியின் பட்டுச்சேலை பீரோவில் மேல் தட்டை மட்டும் கேட்டு வாங்கினார். பிறகு நடுத் தட்டையும் பிடித்துக்கொண்டார். இப்போது சேலைகள் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. பீரோவில் ரஷ்யாக்காரன் லென்ஸும் ஜப்பான்காரன் லென்ஸும் ஜெர்மன்காரன் லென்ஸும் மெத்தைத் துணியில் படுத்திருக்கின்றன. தினமும் ஏதாவது ஒரு கேமராவை எடுத்துக் காதோரம் வைத்து, ஷட்டரை அழுத்திச் சத்தம் கேட்பார். அப்போது அவர் முகம் மலர்வதைப் பார்த்தால் யாருக்கும் அவர்மேல் கோபம் வராது, அவர் மனைவி சண்முகவடிவைத் தவிர.

வடிவுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது.

புது லென்ஸ் வந்ததும் அண்ணாச்சி முதலில் கொல்லைப்புறத்துச் செங்கல் சுவரைப் படம் எடுப்பார். லென்ஸ் பைத்தியங்களுக்கு இது வழக்கம்தான். கல் வரிசை நேராக விழுகிறதா, ஓரத்தில் மங்குகிறதா என்று பார்த்தால் லென்ஸின் வண்டவாளம் தெரிந்துவிடும். சுவர் முடிந்ததும், "வடிவு, இங்கன வா" என்று குரல் கொடுப்பார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதே சுவருக்கு முன்னால் நிற்பாள்.

"அசையாத."

அசையமாட்டாள்.

"கொஞ்சம் சிரி."

அதற்குள் அவர் வெயிலை அளப்பார், வளையத்தைத் திருப்புவார், லென்ஸைக் கழற்றி ஊதுவார், மறுபடி மாட்டுவார். அவள் உதட்டில் வைத்திருந்த சிரிப்பு காய்ந்துபோகும். அப்போதுதான் கிளிக் என்று சத்தம் வரும்.

இந்தப் பொங்கலன்று பானை பொங்குகிற நேரத்தைப் பிடிக்கவேண்டும் என்று அண்ணாச்சிக்கு ஆசை வந்தது. பால் ஏறுகிறது. "கரண்டியக் கையில எடுத்துடாத, அப்படியே நில்லு" என்று சொல்லிவிட்டு லென்ஸ் மாற்றினார். பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்தது. அவர் நிமிர்ந்தபோது புகைதான் இருந்தது. குலவை போட வந்த பக்கத்து வீட்டுக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

வடிவு அன்று ஒரு தீர்ப்புச் சொன்னாள். அதைச் சுமந்துகொண்டுதான் அண்ணாச்சி அடுத்த ஞாயிறு டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"எந்த லென்ஸ்ல எடுத்தா என் வீட்டுக்காரி முகம் அவ முகமா வரும்?"

"இப்ப எப்படி வருது?"

"ரேஷன் கார்டுல இருக்குற மாதிரி வருது."

பையிலிருந்து படங்களை எடுத்து மேசையில் பரப்பினார். எல்லாம் அவரே பிரிண்ட் போட்டவை. டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். செங்கல் சுவர் படம் ஒன்றையும் வடிவு படம் ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமா டீச்சர்! ஓரம் வரைக்கும் பிசிறே இல்ல பாத்தீங்களா? ஜெர்மன்காரன்லா!"

டீச்சர் டீயைக் குடித்தார்.

"மதினி இதுக்கு என்ன சொன்னாங்க?"

அண்ணாச்சியின் குரல் இறங்கியது. "ஒரே ஒரு ரோலுக்குத்தான் நிப்பாளாம். சாயங்காலம் பீச்சுக்கு வாரேன், எடுத்துக்கோங்க, அதோட என் மூஞ்சிய உங்க கேமரா பாக்கக்கூடாதுன்னுட்டா. அவ சொன்னா சொன்னதுதான். மக கல்யாணத்துக்குப் பிறகு காப்பிய விட்டேன்னா, இன்னைக்கு வரைக்கும் தொடல."

"அப்ப இது கடைசி."

"கடைசி டீச்சர். அதான் கேக்கேன். எந்த லென்ஸ்? கைவசம் இல்லைன்னாலும் பரவாயில்ல, எங்கன இருந்தாலும் வரவழைச்சிருவேன்."

டீச்சர் எழுந்து உள்ளே போனார். கையில் ஒரு கறுப்புக் கேமராவோடு வந்தார். அவர் தினமும் கல்லூரிக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போவது. மூலையெல்லாம் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிந்தது.

"இது ரேஞ்ச்ஃபைண்டர்லா?"

"ஆமா."

அண்ணாச்சி முகம் சுளித்தார். அவர் பீரோவில் அந்த ஜாதிக் கேமரா ஒன்றுகூடக் கிடையாது. மற்றக் கேமராக்களில் லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கலாம். இதில் அது நடக்காது. லென்ஸ் ஒரு பக்கம் இருக்க, மேலே மூலையில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியாகத்தான் பார்க்கவேண்டும். ஜன்னலுக்கு நடுவில் ஆள் இரண்டாகத் தெரிவார். அடியில் இருக்கிற பிடியை நகர்த்தி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

"லென்ஸ் வழியாப் பாக்கலேன்னா, லென்ஸ் என்ன செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"பின்ன நான் எதைப் பாக்க?"

"ஜன்னல்ல என்ன தெரியுதோ அதைப் பாருங்க. வெயில் கணக்கெல்லாம் நான் வச்சுட்டேன், ஃபிலிமும் போட்டிருக்கேன். நீங்க எதையும் தொட வேண்டாம். வேற கேமரா கொண்டு போகாதீங்க."

"பேருக்கு ஒண்ணு..."

"கொண்டு போகாதீங்க."

கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட ஆள் போல அண்ணாச்சி வீடு திரும்பினார்.

புதன்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போனார்கள். தூத்துக்குடிக் கடல் கிழக்கே. சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கும். கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகத்தில் பொன்வெயில் விழும். வடிவு அப்படித்தான் நின்றாள். அரக்குச் சேலை, கையில் ஒரு பொட்டலம் சுண்டல். முகத்தில் ரேஷன் கார்டு.

அண்ணாச்சி கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

லென்ஸின் முன்னால் மூடி மாட்டியே இருந்தது.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பழகின கேமராக்களில் மூடி இருந்தால் உள்ளே ஒன்றுமே தெரியாது. மறக்கவே முடியாது என்பதால், மூடியை ஞாபகம் வைத்துக்கொள்கிற பழக்கமே அவருக்கு இல்லை. இந்தக் கேமராவின் ஜன்னலிலோ எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கடல், வானம், வடிவு. இரண்டு வடிவாகத் தெரிந்தவளை ஒரு வடிவாகச் சேர்த்தார்.

வடிவுக்கு மூடி தெரிந்தது. எத்தனை வருஷமாக லென்ஸுக்கு முன்னால் நிற்கிறவள், அவளுக்குத் தெரியாதா? சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணாச்சி ஒரு காலை முன்னே வைத்து, மூச்சைப் பிடித்து, உலகத்தில் இல்லாத கவனத்தோடு கிளிக் செய்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜன்னலில் அதைப் பார்த்த அண்ணாச்சி திகைத்துப்போனார். பெண் பார்க்கப் போன அன்று உள்ளறையில் அத்தைமாரோடு அவள் சிரித்த சிரிப்பு. சத்தம் மட்டும்தான் அன்று கேட்டது. பார்த்தது இன்றைக்குத்தான்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. எடுங்க."

எடுத்தார். கிட்டே போய் எடுத்தார். மண்ணில் முட்டிபோட்டு எடுத்தார். அவர் பாடுபடப் பட அவளுக்குச் சிரிப்பு கூடியது. சுண்டல் சிந்தியது. "போதும்யா, வயிறு வலிக்கி" என்று அவள் கும்பிட்டதையும் எடுத்தார். ஒரு எடுப்பு, ஒரு திருப்பு. கை தானாக ஓடியது. ரோல் முடிந்ததே அவருக்குத் தெரியவில்லை. ஃபிலிமைத் திருப்புகிற நெம்புகோல் நகரமாட்டேன் என்றதும்தான் நின்றார்.

மறுநாள் விடிந்ததும் டீச்சர் வீட்டு வாசலில் இருந்தார்.

"டீச்சர், சிரிச்சா! ரோல் பூரா சிரிச்சா! உங்க லென்ஸ் என்ன லென்ஸ் டீச்சர்? எனக்கு இது ஒண்ணு வேணும்."

"முதல்ல கழுவிப் பாப்போம்."

இருட்டறையில் டப்பாவுக்குள் மருந்து ஊற்றிக் குலுக்குகிற நேரம் முழுக்க அண்ணாச்சி வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிரசவ ஆஸ்பத்திரியில்கூட அவர் இப்படி நடந்ததில்லை.

டீச்சர் வெளியே வந்து ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிபோல இருந்தது. அந்தப் பக்கம் தென்னை மரம் தெரிந்தது.

"என்ன டீச்சர்... மருந்து கெட்டுப்போச்சா?"

"ஓரத்துல நம்பர் எல்லாம் தெளிவா வந்திருக்கு. மருந்து நல்லாத்தான் இருக்கு. படம்தான் விழல." டீச்சர் கேமராவை எடுத்துப் பார்த்தார். மூடி அதன் இடத்தில் இருந்தது. "அண்ணாச்சி, இதை எப்பக் கழட்டினீங்க?"

அண்ணாச்சி மூடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அங்கே கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என் தம்பி கல்யாணத்துல எனக்கும் இது நடந்திருக்கு" என்றார் டீச்சர். "உங்ககிட்டச் சொல்லாம விட்டது என் தப்பு."

அது அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து வடிவிடம் சொன்னார். அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்னது தெரியும்?"

"மூடி இருந்தது."

"எப்ப இருந்து?"

"மொதப் படத்துல இருந்தே." சொல்லும்போதே அவளுக்கு மறுபடி பொத்துக்கொண்டு வந்தது.

அண்ணாச்சிக்கு வந்தது அழுகை. வாழ்க்கையில் ஒரே தடவை கிடைத்தது, அதையும் தகரத்தைப் பார்த்து எடுத்துவிட்டு வந்திருக்கிறார். கொல்லைப்புறம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். பிறகு வந்த நாளெல்லாம் பீரோவைத் திறக்கவில்லை. ஷட்டர் சத்தம் கேட்காத வீடு வடிவுக்கே என்னவோ போல இருந்தது.

சனிக்கிழமை டீச்சர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கு மதினியையும் கூட்டிட்டு வாங்க. பிரிண்ட் போட்டுட்டேன்."

"எதை டீச்சர்?"

"உங்க ரோலை."

மறுநாள் போனார்கள். வடிவு அந்த வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. டீச்சர் இரண்டு பேரையும் உட்காரவைத்து, ஒரு தட்டில் மக்ரூன் வைத்து, பெரிய தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். ரோல் முழுவதையும் ஒரே தாளில் வைத்துப் போட்ட பிரிண்ட். தெளிந்த ஃபிலிமைப் பிரிண்ட் போட்டால் கறுப்பாகத்தான் வரும். கறுப்புப் பட்டைகள், ஓரத்தில் வெள்ளை எண்கள், ஒன்று முதல் முப்பத்தாறு வரை. வேறு எதுவும் இல்லை.

"இது என்ன, அடுப்புக்கரி மாதிரி இருக்கு" என்றாள் வடிவு.

"மதினி படம்தான்" என்றார் டீச்சர். "அண்ணாச்சி, இதுல எது நல்லா வந்திருக்கு?"

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். கேலியா என்று தேடினார். டீச்சர் முகத்தில் கேலி இல்லை.

"டீச்சர், இதுல ஒண்ணுமே இல்லையே."

"எடுத்தது நீங்கதான? பாத்துச் சொல்லுங்க."

அண்ணாச்சி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தாளின்மேல் குனிந்தார். பிறகு ஒன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இதுல என்னமோ சொல்ல வந்தா. வாயத் திறந்துட்டுச் சொல்லாம மூடிட்டா. கன்னம் ரெண்டும் உப்பி இருந்தது."

"ம்."

"இதுல சேலைத் தலைப்ப வாயில வச்சுக் கடிச்சிக்கிட்டா. காத்துல முடி நெத்தியில விழுந்து கெடக்கு. எல்லாம் நரை. வெயில் பட்டு மின்னிச்சு."

விரல் நகர்ந்தது. "இதுல சிரிப்பு அடங்கிட்டுன்னு நெனச்சேன். எங்க அடங்க? மூக்கு வழியா வந்துட்டு. இதுல திரும்பிக் கடலப் பாத்து நின்னா, முதுகு மட்டும் குலுங்குது. பரவாயில்லன்னு முதுகையும் எடுத்தேன். இதுல சுண்டல் பொட்டலம் சரிஞ்சு, ஒரு நாய் வந்துட்டு. நாய்க்கும் போட்டா."

வடிவு மக்ரூனைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுல அண்ணாந்து சிரிச்சா." அண்ணாச்சி நிறுத்தினார். "இடது பக்கம், மேல, ஒரு கடவாப்பல்லு இல்ல. எப்பப் பிடுங்கினாளோ, எனக்குத் தெரியாது."

"ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் வடிவு.

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நீங்கதான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனீங்க. வெளிய பெஞ்சுல உக்காந்து போன்ல லென்ஸ் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தெருவில் மீன்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

"டீச்சர்" என்று வடிவே பேசினாள். "எங்க வீட்டுப் பின்னால ஒரு செங்கல் சுவரு இருக்கு. இவரு மொதல்ல அதை எடுப்பாரு, அப்புறம் என்னைய எடுப்பாரு. எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசமே கிடையாது. சுவருக்குச் சிரிக்கச் சொல்லமாட்டாரு, அவ்வளவுதான். நான் எதுக்குச் சிரிக்கணும்னு எனக்கும் வீம்பு. அன்னைக்குத்தான் தாயி, ஒரு வார்த்தை லென்ஸப் பத்திப் பேசாம என்னையப் பாத்தாரு."

அவள் கண் கலங்கியிருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சியின் விரல் தாளின் கடைசிக்கு வந்திருந்தது. முப்பத்தாறு.

"இதுல கண்ணத் தொடச்சிக்கிட்டு என்னையப் பாத்தா. சிரிக்கல. சும்மா பாத்தா." கறுப்பில் விரலை எடுக்காமலே சொன்னார். "இதுதான் டீச்சர் நல்லா வந்திருக்கு."

வடிவு அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த ரோல் எப்ப?" என்றாள்.

அண்ணாச்சி காதை நம்பாமல் டீச்சரைப் பார்த்தார். பிறகு வடிவைப் பார்த்தார். அந்த வயதிலும் ஒரு மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குதிக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"இன்னைக்கே! இன்னைக்குச் சாயங்காலமே! டீச்சர், உங்க கேமராவக் கொடுங்க. மூடிய வீட்டுலயே கழட்டி வச்சுட்டுப் போயிருதேன். பீரோவுல போட்டுப் பூட்டிருதேன்."

"இவரு சொல்லுவாரு" என்றாள் வடிவு. "டீச்சர், எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இவரு மறுபடி மூடியோடயே எடுக்க ஆரம்பிச்சா, நான் சொல்லணுமா, வேண்டாமா?"

டீச்சர் யோசித்தார்.

"சிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லுங்க மதினி."

அண்ணாச்சி பதறிப்போனார். "என்ன டீச்சர் இது! இவ சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள ரோல் தீந்துருமே!"

"ரோல் கடையில கிடைக்கும் அண்ணாச்சி."